டப்பாவின் முதுகைப் படியுங்கள்: பழைய கனரக இயந்திரத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஆயில் வாங்கும் வழி

பழைய எக்ஸ்கவேட்டர் ஒன்றைப் பேரம் பேசி நல்ல விலைக்கு முடித்த சந்தோஷம் முதல் சர்வீஸ் வரைக்கும்தான். இருபது டன் வகை இயந்திரத்தின் ஹைட்ராலிக் அமைப்பு மட்டுமே 200 லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கும். இன்ஜினுக்கு 20 முதல் 25 லிட்டர், ரேடியேட்டருக்கு ஏறக்குறைய அதே அளவு கூலன்ட், ஸ்விங் கியர்பாக்ஸுக்கும் இரண்டு பக்க ஃபைனல் டிரைவுக்கும் தலா சில லிட்டர். எல்லாவற்றையும் இயந்திரக் கம்பெனியின் பெயர் அச்சிட்ட டப்பாவிலேயே வாங்கினால் பில்லைப் பார்த்ததும் வயிறு கலங்கும். கடையில் இருப்பதிலேயே மலிவானதை வாங்கி ஊற்றினால் சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பம்ப் ஊளையிடும், அல்லது கிளட்ச் நழுவும். மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு அப்போது போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. டப்பாவின் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை இயந்திரம் படிப்பதில்லை. முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் தரக்குறிகள்தான் அதற்குச் சம்பந்தப்பட்டவை. அந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகியவருக்கு அதே தரம் வேறு பெயரில், குறைந்த விலையில் அகப்படும். புதிதாகப் பழைய இயந்திரம் வாங்கியிருப்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை: ஒரு நோட்டுப் புத்தகம்

கடைக்குப் போகும் முன் இயந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து, எங்கெல்லாம் திரவம் இருக்கிறது என்று எழுதுங்கள். இன்ஜின், ஹைட்ராலிக் டேங்க், டிரான்ஸ்மிஷன், டார்க் கன்வெர்ட்டர், முன் ஆக்சில், பின் ஆக்சில், ஃபைனல் டிரைவ், ஸ்விங் டிரைவ், பிரேக் ரிசர்வாயர், ரேடியேட்டர், கிரீஸ் நிப்பிள்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டம் போடுங்கள்: எத்தனை லிட்டர், எந்தக் கனம் (ஆயில் எவ்வளவு கெட்டி என்பது), எந்தத் தரக்குறி, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது.

இந்த நான்கும் இயக்கப் பராமரிப்புக் கையேட்டில் ஒரே அட்டவணையாக இருக்கும். பாகங்களின் படம் போட்ட பார்ட்ஸ் புத்தகத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அதில் இது இராது. கையேடு தொலைந்திருந்தால் மாடல் எண்ணையும் சேஸிஸில் அடித்திருக்கும் வரிசை எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். மாடல் எண் மட்டும் போதாது. ஒரே மாடலில் பாதி உற்பத்தியின்போது ஆக்சிலையோ டிரான்ஸ்மிஷனையோ மாற்றியிருப்பார்கள், எந்த வரிசை எண்ணிலிருந்து என்று கையேட்டில்தான் போட்டிருக்கும். இன்ஜின் தகட்டைத் தனியாகப் பாருங்கள். பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் வேறு இன்ஜினை ஏற்றியிருப்பது அதிசயம் இல்லை.

கையேட்டில் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஆயில் பெயர்தான் முதலில் இருக்கும். அதற்குக் கீழேயோ அடிக்குறிப்பிலோ, 'இது கிடைக்காவிட்டால் இந்தத் தரத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வரி.

இரண்டாவது: உள்ளே இப்போது என்ன இருக்கிறது?

விற்றவர் சொல்வதை நம்பலாம், ஆனால் சரிபாருங்கள். இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஒவ்வொரு இடத்திலிருந்தும் கண்ணாடிக் குப்பியில் கால் டம்ளர் அளவு எடுங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருகல் வாடை என்றால் ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேயுங்கள். மாவு போல மிருதுவாக இருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தில் நெருடும் சில்லுகள் இருந்தால் ஆயிலைப் பற்றி யோசிப்பதற்கு முன் கியரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தண்ணீர் சந்தேகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. தோசைக்கல் போன்ற தட்டையான இரும்புத் தகட்டை 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். சுத்தமான ஆயில் சத்தமின்றிப் பரவும். தண்ணீர் ஏறக்குறைய 0.1 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கடுகு தாளிப்பதுபோல் சடசடவென்று பொரியும். கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள், தெறிக்கும்.

பிரேக்குக்கு வேறு சோதனை. டாட் 3, டாட் 4 என்று விற்கும் பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. ஆனால் பல பேக்ஹோ, லோடர் வகைகளின் பிரேக் மினரல் ஆயிலில் ஓடுகிறது. இரண்டுக்கும் சீல் ரப்பர் வேறு. ஒன்றுக்கு உரியதில் மற்றொன்றை விட்டால் ரப்பர் ஊதிக் குழைந்துவிடும், மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசி சீல் வரை மாற்ற நேரிடும். ரிசர்வாயரிலிருந்து சில சொட்டுகளை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கரைந்து மறைந்தால் கிளைக்கால். மேலே மிதந்தால் மினரல். அபூர்வமாகச் சிலிகான் வகையும் கரையாது, ஆகவே மூடியில் அச்சிட்டிருப்பதையும் கையேட்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது: குறிகளைப் படிக்கக் கற்பது

இன்ஜின் ஆயிலிலிருந்து தொடங்குவோம், அதுதான் சுலபம். டப்பாவில் வட்டமாக ஒரு முத்திரை இருக்கும். மேல் வளைவில் ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரம், நடுவில் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் அளவுப்படி கனம். டீசலுக்கான தரங்கள் சி எழுத்தில் தொடங்கும். சிஎச்-4 1998-இல் வந்தது, சிஐ-4 2002-இல், சிகே-4 2016 டிசம்பரில். பொதுவாகப் புதியது பழையதன் வேலையைச் செய்யும். சிஎச்-4 கேட்கும் இன்ஜினுக்குச் சிஐ-4 ஊற்றலாம், சிகே-4-உம் ஊற்றலாம். ஆனால் சிகே-4 வந்த அதே நாளில் எஃப்ஏ-4 என்று இன்னொன்றும் வந்தது. அது எரிபொருள் மிச்சத்துக்காக மெல்லியதாகச் செய்யப்பட்டது, புதிய சாலை வாகன இன்ஜின்களுக்கானது. பழைய இயந்திரத்துக்கு அது ஆகாது. தள்ளுபடியில் கிடைக்கிறது என்று தூக்கிவராதீர்கள்.

புதியதுதான் எப்போதும் சிறந்தது என்றும் இல்லை. சிகே-4 ஆயில் புகைவடிகட்டி உள்ள இன்ஜின்களை மனதில் வைத்துச் சாம்பல் குறைவாகச் செய்யப்பட்டது. உங்கள் பழைய இன்ஜினில் அந்த வடிகட்டி இல்லை, கிடைக்கும் டீசலிலும் கந்தகம் அதிகம் என்றால், அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை கூடுதலாக உள்ள சிஐ-4 பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும், பொருத்தமாகவும் இருக்கும். இந்தக் காரத்தன்மை தொழில்நுட்பத் தாளில் டிபிஎன் என்ற எண்ணாக இருக்கும். ஒரே தரக்குறியுள்ள இரண்டு ஆயில்களை ஒப்பிட எனக்குப் பிடித்த எண் அது.

ஒரு விதிவிலக்கு. உங்களிடம் இருப்பது பழைய இரண்டு ஸ்ட்ரோக் டெட்ராய்ட் டீசல் என்றால், குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்துச் செய்த 15டபிள்யூ-40 வேண்டாம். அது எஸ்ஏஇ 40 என்ற ஒற்றைக் கனத்தில், சாம்பல் குறைவான ஆயிலைக் கேட்கும்.

அடுத்து ஹைட்ராலிக். பணம் அதிகம் போகும் இடம் இது, ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். டப்பாவில் 32, 46, 68 என்று இருக்கும் எண், 40 டிகிரி செல்சியஸில் ஆயிலின் கனம் எவ்வளவு சென்டிஸ்டோக் என்பதைக் காட்டும். 10 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 46 என்றால் 41.4 முதல் 50.6 வரை. வெயில் கடுமையான இடத்தில் 68, நடுத்தர இடத்தில் 46, குளிரில் 32 என்று கையேட்டில் வெப்பநிலைக் கோடுகள் போட்ட படம் இருக்கும். கனத்துக்குப் பிறகு தரம். டிஐஎன் 51524 (ஜெர்மன் தர எண்) பகுதி 2 என்றால் எச்எல்பி, தேய்மானத் தடுப்பு உள்ள சாதாரண ஹைட்ராலிக் ஆயில். பகுதி 3 என்றால் எச்விஎல்பி, வெப்பம் மாறினாலும் கனம் அவ்வளவாக மாறாத வகை, விலையும் கூடுதல். வருடம் முழுக்க ஒரே மாதிரி வெயில் அடிக்கும் இடத்தில் எச்எல்பியே போதும் என்றால் கூடுதல் காசு எதற்கு? காலையில் உறைபனி, மதியம் வெயில் என்ற இடத்தில் எச்விஎல்பிக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஒன்று உண்டு. சில கம்பெனிகளின் எக்ஸ்கவேட்டர்கள் ஹைட்ராலிக் டேங்குக்கு எஸ்ஏஇ 10டபிள்யூ இன்ஜின் ஆயிலையே கேட்கும். அது தவறான அச்சு இல்லை. ஆனால் இரண்டு வகையையும் கலப்பது தொல்லை. எச்எல்பி ஆயில் தண்ணீரைப் பிரித்து அடியில் இறக்கிவிடும். இன்ஜின் ஆயிலில் உள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். கலந்தால் பிரிக்கும் குணம் கெட்டுப்போகும். எது உள்ளே இருக்கிறதோ அதையே டாப் அப் செய்யுங்கள், மாற்ற வேண்டுமென்றால் மொத்தமாக மாற்றுங்கள்.

டிரான்ஸ்மிஷனிலும் ஈரப் பிரேக் (ஆயிலில் மூழ்கியே இயங்கும் பிரேக்) உள்ள ஆக்சிலிலும்தான் மலிவு ஆயில் அதிகம் பழிவாங்கும். காரணம், அங்கே ஆயில் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். கேட்டர்பில்லரின் டிஓ-4 என்ற தரம் 1991-இல் வந்தது. பவர்ஷிஃப்ட் கிளட்ச் பிளேட்கள் நழுவாமல் கவ்வ வேண்டும் என்பதற்காக, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இல்லாமல் செய்யப்படுவது. யுடிடிஓ எனப்படும் டிராக்டர் வகை ஆயிலோ நேர் எதிர். ஆக்சிலுக்குள் ஆயிலில் மூழ்கிய பிரேக் தட்டுகள் சத்தமின்றி, அதிராமல் பிடிக்க வேண்டும் என்று அதில் உராய்வை மட்டுப்படுத்தும் சேர்மானம் போட்டிருப்பார்கள். கையில் தொட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். டிஓ-4 கேட்கும் இடத்தில் யுடிடிஓ போட்டால் கிளட்ச் நழுவித் தீயும்.

நான் பட்டது வேறு தினுசு. என் கைக்கு வந்த முதல் பேக்ஹோவின் பின் ஆக்சிலில் ஜிஎல்-5 80டபிள்யூ-90 ஊற்றினேன். ஆக்சில் என்றால் கியர் ஆயில்தானே என்ற நினைப்பு. மூன்றாம் நாள், சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பின்பக்கத்திலிருந்து கன்றைத் தேடும் மாடு போல நீளமாக ஒரு முனகல். மிதியடி வழியாகக் காலுக்கு அதிர்வு ஏறியது. திரும்பப் பிளக்கைக் கழற்றி, புது ஆயிலை வடித்து, யுடிடிஓ ஊற்றி ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி ஊற்றிய பிறகுதான் முனகல் அடங்கியது. மலிவு என்று வாங்கியதற்கு ஒன்றுக்கு மூன்று தடவை ஆயில் செலவு.

கியர் ஆயிலில் எண்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எஸ்ஏஇ 90 கியர் ஆயில் எஸ்ஏஇ 40 அல்லது 50 இன்ஜின் ஆயிலின் கனம்தான். இரண்டுக்கும் அளவுகோல் வேறு. ஜிஎல்-4-க்கும் ஜிஎல்-5-க்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஜிஎல்-5-இல் அழுத்தம் தாங்கும் கந்தகச் சேர்மானம் ஏறக்குறைய இரட்டிப்பு. கியர்பாக்ஸில் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை, வெண்கலச் சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும். எண் பெரியது, ஆகவே சிறந்தது என்ற கணக்கு இங்கே செல்லாது.

கூலன்டில் நிறத்தை நம்பவே வேண்டாம். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பாளரின் விருப்பம், அதற்குப் பொதுவிதி கிடையாது. கனரக டீசல் இன்ஜினுக்கு ஏஎஸ்டிஎம் டி6210 என்ற குறியைத் தேடுங்கள். டி3306 மட்டும் இருந்தால் அது கார்களுக்கானது. ஈர லைனர் (வெளிப்பக்கம் கூலன்ட் நேராகப் படும் சிலிண்டர் உறை) உள்ள இன்ஜினில் லைனர் அதிரும்போது வெளிச்சுவரில் நுண்ணிய குமிழிகள் வெடித்து இரும்பை ஊசிமுனை அளவு குழிகளாகத் துளைக்கும். அதைத் தடுக்கும் சேர்மானம் கார் கூலன்டில் இருக்காது. மிச்சம் பிடிக்க நேர்வழி, கலந்து விற்பதை விட்டுக் கெட்டியானதை வாங்கி நீங்களே சரிபாதி கலப்பது. கலக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாகவோ அயனி நீக்கியதாகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரின் உப்பு ரேடியேட்டரில் படியும். கெட்டியாகவே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும், சரிபாதித் தண்ணீரோடு மைனஸ் 37 வரை தாங்கும். அதோடு அது இனிக்கும் விஷம். சிந்தியதை நாய் நக்கும் முன் துடைத்துவிடுங்கள்.

கிரீஸில் பெரிதாக மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. என்எல்ஜிஐ 2 கனம், பின், புஷ் பகுதிகளுக்கு 3 முதல் 5 சதவீதம் மாலிப்டினம் டைசல்ஃபைடு உள்ள லித்தியம் காம்ப்ளெக்ஸ். தாராளமாக அடியுங்கள். யூரியா வகை கிரீஸோடு மட்டும் கலக்காதீர்கள். புதிய இயந்திரங்களில் இன்ஜின் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் திரவத்துக்கு ஐஎஸ்ஓ 22241 குறி உண்டு. 32.5 சதவீத யூரியா, பாக்கி சுத்தமான தண்ணீர். உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்றும் யோசனை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதன் அழுக்கு கேட்டலிஸ்டை அடைத்துவிடும்.

நான்காவது: லேபிளில் என்ன வினைச்சொல் இருக்கிறது?

'அங்கீகரிக்கப்பட்டது', 'தரத்தை எட்டுகிறது', 'பயன்படுத்தத் தகுந்தது'. கடைக்காரருக்கு மூன்றும் ஒன்று. நமக்கு இல்லை. முதலாவது என்றால் இயந்திரக் கம்பெனியோ தர அமைப்போ சோதித்து எண் கொடுத்திருக்கிறது. இரண்டாவது, ஆயில் தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது. பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஆனால் பொறுப்பு அவருடையது, ஆகவே யார் அவர் என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வெறும் ஆசை. ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கிறது. வாங்கும் முன் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

தரக்குறி உயிரோடு இருக்கிறதா என்பதும் முக்கியம். இதற்கு அமெரிக்காவின் 303 டிராக்டர் ஆயில் நல்ல உதாரணம். ஜான் டீரின் பழைய 303 தரம் திமிங்கல எண்ணெய் சேர்ந்த ஆயிலைப் பற்றியது. திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்ததும் 1970-களிலேயே அந்தத் தரம் வழக்கொழிந்தது. ஆனாலும் 303 என்று எழுதிய மஞ்சள் வாளிகள் மலிவு விலையில் பல பத்தாண்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. செத்துப்போன தரத்தை எட்டுகிறதா என்று யாரும் சோதிக்க முடியாதே! கடைசியில் 2017-இல் மிசௌரி மாநிலம் அதன் விற்பனையைத் தடை செய்தது, மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. உங்கள் டப்பாவில் எண் மட்டும் இருந்து, அது யாருடைய எண் என்று தெரியவில்லை என்றால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மறுசுத்திகரிப்பு ஆயில் என்றால் முகம் சுளிக்க வேண்டாம். பழைய ஆயிலைக் காய்ச்சி வடித்து, ஹைட்ரஜன் ஏற்றி, புதிய சேர்மானம் போட்டு, ஏபிஐ முத்திரையும் பெற்றிருந்தால் அது முழுத் தகுதியான ஆயில். பழைய ஆயிலைத் துணியில் வடிகட்டி டிரம்மில் அடைத்து விற்பது வேறு சமாச்சாரம். இரண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். தொழில்நுட்பத் தாளைக் கேளுங்கள், தர மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

ஐந்தாவது: விலையை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

சிலர் லிட்டர் கணக்கில் விற்பார்கள், சிலர் கிலோ கணக்கில். ஆயிலின் அடர்த்தி ஏறக்குறைய 0.87. ஒரு கிலோ என்றால் 1.15 லிட்டர். 208 லிட்டர் டிரம் ஒன்றில் இருப்பது சுமார் 180 கிலோ. இதைப் போட்டுப் பார்க்காமல் இரண்டு விலைகளை ஒப்பிட்டால் ஏமாறுவது நாம்தான்.

அடுத்தது மணி நேரக் கணக்கு. 250 மணி ஓடும் ஆயிலின் பாதி விலைக்கு இன்னொன்று கிடைக்கிறது, ஆனால் 125 மணியில் வடிக்க வேண்டும் என்றால் மிச்சம் எங்கே? ஃபில்டர் இரண்டு, வேலை நிற்பது இரண்டு தடவை. நோட்டில் 'ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு' என்று ஒரு கட்டம் சேருங்கள், ஃபில்டரையும் அதிலேயே போடுங்கள்.

நான் அதிகம் மிச்சம் பிடித்தது பேரத்தில் இல்லை, வகைகளைக் குறைத்ததில். ஏழு இடத்துக்கு ஏழு டப்பா என்று வாங்கினால் ஏழும் சில்லறை விலை. நோட்டை வைத்துக்கொண்டு எந்தெந்த இடங்கள் ஒரே குறியை ஏற்கின்றன என்று வட்டமிட்டுப் பாருங்கள். சில இயந்திரங்களில் டிஓ-4 குடும்பமே ஹைட்ராலிக்குக்கு 10டபிள்யூ, டிரான்ஸ்மிஷனுக்கு 30, ஃபைனல் டிரைவுக்கு 50 என்று பலவற்றை முடித்துவிடும். இன்ஜின் ஆயிலையே ஸ்விங் டிரைவுக்கு அனுமதிக்கும் கையேடுகளும் உண்டு. மூன்று, நான்கு வகைகளுக்கு இறங்கிவிட்டால் அதிகம் செலவாகும் ஒன்றிரண்டை டிரம்மாக வாங்கலாம். தவறானதை ஊற்றும் வாய்ப்பும் குறையும். ஒரே இயந்திரம் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் அதே குறி தேவைப்படும் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு டிரம் எடுப்பதும் நடக்கிற காரியம்தான்.

சிட்டிகையில் அதிசயம் செய்வதாகச் சொல்லும் சேர்மானப் பாட்டில்களை விட்டுவிடுங்கள். சரியான குறியுள்ள ஆயிலில் சேர்மானம் ஏற்கெனவே அளவோடு இருக்கிறது.

ஆறாவது: வாங்கியதைக் கெடுக்காமல் வைப்பது

ஒருமுறை வெளியில் நிமிர்த்தி வைத்திருந்த டிரம்மைத் திறந்தேன். சீல் உடைக்காதது. மேல்தட்டில் மழைத்தண்ணீர் விளிம்பு வரை தேங்கி, அதில் இலை மிதந்துகொண்டிருந்தது. மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று துடைத்துவிட்டுப் பம்ப்பை இறக்கினேன். முதலில் வந்தது ஆயில் இல்லை, பழுப்பாக இரண்டு டம்ளர் தண்ணீர். பகலில் சூடாகி டிரம் காற்றை வெளியே தள்ளும், இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். மூடியின் மேல் தண்ணீர் நின்றால் காற்றுக்குப் பதில் அதைத்தான் உறிஞ்சும். கூரை இல்லாவிட்டால் டிரம்மைப் படுக்க வையுங்கள், இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3 மணி, 9 மணி நிலையில் இருக்கட்டும். அப்போது இரண்டும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும், காற்று போகவர வழி இல்லை.

புது ஆயில் என்றால் சுத்தமானது என்று பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் 40 மைக்ரான். ஹைட்ராலிக் பம்ப்பின் இடைவெளிகளோ சில மைக்ரான்தான். டிரம்மிலிருந்து டேங்குக்குப் போகும் வழியில் 10 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய ஃபில்டர் பொருத்திய கைப்பம்ப் ஒன்று இருந்தால் மலிவு பிராண்டையும் பயமின்றி வாங்கலாம். புனலையும் ஜக்கையும் வகைக்கு ஒன்றாகத் தனித்தனியே மூடி வையுங்கள்.

ஏழாவது: மாற்றும் நாள்

ஹைட்ராலிக் டேங்க்கை வடித்துவிட்டால் ஆயில் முழுக்க மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிலிண்டர், ஹோஸ், மோட்டார் எல்லாவற்றிலும் பழையது தங்கியிருக்கும். மொத்தம் 220 லிட்டர், டேங்க்கிலிருந்து வடிவது 130 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சியிருக்கும் 90 லிட்டர் புதியதோடு கலக்கும், அதாவது 41 சதவீதம் பழையது. எல்லாச் சிலிண்டர்களையும் முழுக்க நீட்டி மடக்கி ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்தால்தான் 17 சதவீதத்துக்கு இறங்கும். அதே வகை ஆயில் என்றால் ஒருமுறை போதும். வகையை மாற்றும்போது இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அது கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். பெரும்பாலும், உள்ளே இருப்பதையே தொடர்வதுதான் மலிவு. சிலிண்டர்களை மடக்கி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, டேங்க் அழுத்தத்தை விட்ட பிறகே பிளக்கைத் தொடுங்கள்.

எட்டாவது: வாங்காமல் இருப்பது

டாப் அப் கணக்கை நோட்டில் எழுதி வந்தால் ஆயில் எங்கே போகிறது என்று தெரியும். விநாடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் மணிக்கு 180 மில்லி. 250 மணி நேரத்தில் 45 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்கும் மேல். ஒரு ஓ-ரிங் அதை நிறுத்திவிடும். ஆனால் ஒழுகும் இடத்தைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளை வழியே பீறும் ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், வலி முதலில் குறைவாகவே இருக்கும், தாமதித்தால் விரலையே எடுக்க நேரலாம். அட்டையை நீட்டிப் பாருங்கள். பட்டுவிட்டது என்றால் காயம் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

ஹைட்ராலிக் ஆயிலை நாள் பார்த்து வடிக்காமல், சோதனைக்கு அனுப்பி முடிவு செய்யலாம். ஒரு குப்பி மாதிரியைச் சோதிக்க ஆகும் செலவு 200 லிட்டரின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அறிக்கையில் சிலிக்கான் ஏறினால் புழுதி உள்ளே போகிறது, பிரீதரையும் (டேங்க் காற்றை இழுக்கும் வடிகட்டி) சிலிண்டர் சீலையும் பாருங்கள். இன்ஜின் ஆயிலில் சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலன்ட் கசிகிறது. கனம் இறங்கினால் டீசல் கலக்கிறது. ஒரு அறிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று, நான்கு அறிக்கைகள் சேர்ந்தால்தான் போக்கு தெரியும். ஆயில் நன்றாக இருந்து அழுக்கு மட்டும் ஏறியிருந்தால், டேங்க்கோடு வெளி ஃபில்டரை இணைத்துச் சில மணி நேரம் சுற்றவிட்டு மறுபடி ஓட்டலாம். இன்ஜின் ஆயிலில் இந்த விளையாட்டு வேண்டாம், அங்கே சேர்மானமே தீர்ந்துபோகிறது.

ஃபில்டர் வாங்கும்போதும் பிரேக் ஆயில் வாங்கும்போதும் நான் விலை கேட்பதில்லை. பிரேக் ஆயில் மொத்தமே ஒன்றிரண்டு லிட்டர், அதில் மிச்சம் பிடித்து எந்தப் பள்ளத்தில் கொண்டுபோய் வைப்பது?

வடித்த ஆயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். கூலன்டையும் பிரேக் ஆயிலையும் அதோடு சேர்க்காமல் தனி டிரம்மில் மூடி வைத்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தண்ணீரும் கிளைக்காலும் கலந்தது என்றால் அவர்களே தொட மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு ஊற்றுவாய் மூடிக்குப் பக்கத்திலும் அங்கே போக வேண்டிய குறியையும் கனத்தையும் பெயின்டில் எழுதிவிடுங்கள். அதே குறியை அதற்குரிய டிரம்மிலும் ஜக்கிலும் எழுதுங்கள். நீங்கள் இல்லாத நாளில் டாப் அப் செய்பவர் உங்கள் நோட்டைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.